காலியாக வந்த பொறி

பொறி காலி என்று டாக்டர் சொன்னதும் கலாமணி எழுந்து நின்று கும்பிட்டாள். டாக்டரைக் கும்பிட்டாளா, அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய நுரையீரல் படத்தைக் கும்பிட்டாளா என்பது அவளுக்கே தெரிந்திருக்காது. கும்பிட்ட கையோடு பையைத் திறந்து மைசூர்பா டப்பாவை வெளியே எடுத்தாள். நல்ல செய்தி வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று வரும் வழியிலேயே வாங்கி வைத்துக்கொண்டவள் அவள். கெட்ட செய்தி வந்திருந்தால் டப்பா பைக்குள்ளேயே வீடு திரும்பியிருக்கும்.

"எடுத்துக்கங்க டாக்டர். என்ற மருமக பொழச்சுட்டா!"

டாக்டர் ஜெபமலர் ஒரு துண்டை எடுத்தார். ஆனால் வாயில் போடவில்லை. அதை ஒரு காகிதத்தின்மேல் வைத்துவிட்டுத் திரையை மறுபடியும் உற்றுப் பார்த்தார்.

"போன தடவை நூத்துக்கணக்குல விழுந்திருந்துச்சு. இந்தத் தடவை ஒண்ணுகூட இல்ல."

"அதாங்க டாக்டர் சந்தோசம்" என்றான் நவநீதன். மனைவி பிரகதியின் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினான்.

பிரகதி மட்டும் டாக்டர் தின்னாமல் வைத்த துண்டைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் வாயில் திணித்த மைசூர்பாவை மெல்லாமலே வைத்திருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எதற்கு இந்தப் பயம் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்த கேள்விதான்.

முப்பது வயதில், சிகரெட்டைக் கையால்கூடத் தொட்டிராத ஒருத்திக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தால் ஊர் என்ன சொல்லும்? பஞ்சாலைத் தூசி என்றார்கள். பைபாஸ் புகை என்றார்கள். ஒரு பெரியப்பா, அவள் பம்பு கம்பெனியில் ஆண்களோடு வேலை பார்ப்பதையே காரணமாகச் சொல்லிவிட்டார். வலது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். வெட்டுவதற்கு முன்பே சில செல்கள் ரத்தத்தில் கிளம்பிவிட்டன என்று சோதனையில் தெரிந்தது. அப்போதுதான் டாக்டர் ஜெபமலர் பொறியைப் பற்றிச் சொன்னார்.

"நுரையீரல்ல வர்றது பெரும்பாலும் மூளைக்குப் போகும், எலும்புக்குப் போகும், ஈரலுக்குப் போகும். அது எங்களுக்குத் தெரிஞ்ச பாதை. அங்க நாங்க காவல் வச்சுக்குவோம். சில பேருக்கு யாரும் நினைக்காத இடத்துக்குப் போயிருது. விரல் நுனியில வந்து, நகச்சுத்தின்னு நினைச்சு எலுமிச்சம்பழத்தைச் சொருகிட்டுத் திரிஞ்சவர நான் பாத்திருக்கேன். ஈறுல, தொப்புள்ல, கண்ணுக்குள்ள. எங்கன்னு தேடறது?"

"அதுக்கு என்னங்க பண்றது?" என்று நவநீதன் கேட்டான்.

"போற இடத்த நாமளே காட்டிடறோம்."

இடது முன்கையில், தோலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மெத்தென்ற வில்லை. ரத்தத்தில் அலையும் செல்களுக்குப் பிடித்தமான ஏதோ ஒன்றை அது கசிந்துகொண்டே இருக்கும். ஊர் சுற்றும் செல்கள் மூளையையும் எலும்பையும் விட்டுவிட்டு அங்கே வந்து குடியேறும். சில வாரங்களுக்கு ஒருமுறை வில்லையைத் தோண்டி எடுத்து, எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணிவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பார்கள். கம்பெனிக்காரன் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தான். வரிசையில் காத்திருக்கிறவர்கள் அதை எலிப்பொறி என்றார்கள். அப்புறம் எலியும் போய் வெறும் பொறி ஆயிற்று. "உங்களுக்கு எத்தனைங்க விழுந்துச்சு?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிற அளவுக்கு அந்த வராந்தா சகஜமாகிவிட்டது.

ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. பொறி கையில் இருக்கும்வரை பிள்ளை உண்டாகக் கூடாது. ஏன் என்று டாக்டர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. மருந்து, ஊசி, எதுவாக இருந்தாலும் சொல்கிற நிபந்தனைதானே என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"எங்கயாவது அடிபட்டுச்சா? ஆறாத புண்ணு? பல்லு பிடுங்கினியா? உடம்புல புதுசா எங்கயாவது எதாவது வளருதா பிரகதி?"

மேசைக்கு அடியில் கலாமணியின் முழங்கால் வந்து அவள் முழங்காலை இடித்தது.

"இல்லைங்க டாக்டர்" என்றாள் பிரகதி.

அவள் வயிற்றில் பிள்ளை உண்டாகி ஐந்தாறு வாரம் ஆகியிருந்தது.

கலாமணியைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மருமகளுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தபோது சாப்பிடாமல் கிடந்தவள் அவள்தான். ஆனால் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. பிரகதி முதல் தடவை உண்டானபோது, நாள் தள்ளிப்போன வாரமே சொந்தபந்தம் முழுக்கப் போன் பறந்தது. இரண்டாம் மாதம் கலைந்துவிட்டது. இரண்டாம் தடவையும் அதே கதை. கண் பட்டுவிட்டது என்று கலாமணி முடிவு கட்டினாள். இந்தத் தடவை, ஜாக்கிரதையாக இருந்தும் எப்படியோ தங்கிவிட்ட இதை, மூன்று மாதம் முடியும்வரை ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டாள்.

"டாக்டருக்குமாங்க அத்தை?" என்று பிரகதி கேட்டிருந்தாள்.

"வயித்து டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன். இந்தம்மா நெஞ்சு டாக்டரு. அவிகளுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்? சொன்னா கலைக்கச் சொல்லிப்போடுவாங்க. கம்முனு இரு கண்ணு."

பிரகதியும் கம்மென்று இருந்தாள். அவளுக்கும் அந்தப் பிள்ளை வேண்டும். கலைக்கச் சொல்வார்கள் என்கிற பயம் அவளுக்கும் இருந்தது. பழியை மாமியார்மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

அன்று சாயங்காலம் சூலூர் வீட்டின் பின்பக்கம், தென்னைகளுக்கு நடுவே நவநீதன் சொட்டுநீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். பிரகதி வந்து பக்கத்தில் நின்றாள்.

"மாமா, போன கோடையில நம்ம போர் வத்துச்சே, ஏன்னு ஞாபகம் இருக்கா?"

"அந்த ரைஸ்மில்காரன் அக்கட்டத் தோட்டத்துல, வேலிக்கு அந்தப் பக்கம், ஆயிரம் அடிக்குப் போர் போட்டான். அதனால."

"அப்ப நம்ம போர்ல தண்ணி வரலைன்னா பூமியில தண்ணி இல்லைன்னு அர்த்தம் இல்ல. நம்மளவிட ஆழமா யாரோ உறிஞ்சறாங்கன்னு அர்த்தம்."

நவநீதன் குழாயைக் கீழே போட்டான். "பிரகதி, நீ வேலை பாக்கறது மோட்டார் டெஸ்டிங்ல. அதுக்காக எல்லாத்தையும் மோட்டாராவே பாக்காத. பொறி காலின்னா நோவு போயிருச்சுன்னு அர்த்தம். அம்மா தெருப்பூரா மைசூர்பா குடுத்தாச்சு."

"டாக்டர் சாப்பிடலைங்க மாமா. கையில வாங்கி கீழ வச்சுட்டாங்க. பாத்தீங்களா?"

அவன் குழாயை மறுபடி கையில் எடுத்தான். பார்த்திருந்தான் போலிருக்கிறது.

அதற்கப்புறம் வந்த வாரங்களைப் பிரகதி எப்படிக் கழித்தாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். காலையில் பல் துலக்கும்போது ஈறு ஈறாக விரலால் அழுத்திப் பார்ப்பாள். குளிக்கும்போது தொப்புளைத் தடவுவாள். கம்பெனியில் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, அளவு பார்ப்பதை மறந்து, தன் பத்து விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டு நிற்பாள். எங்கேயாவது அரித்தால் உயிர் போகும். கண்ணில் தூசி விழுந்தால் தூசி என்று நம்ப முடியாது. காதுக்குப் பின்னால் ஒரு கொசுக்கடி தடித்திருந்ததற்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. அவளுடைய உடம்பு, முப்பது வருஷமாக அவள் குடியிருந்த உடம்பு, திடீரென்று கதவுகளெல்லாம் திறந்து கிடக்கும் வீடாகிவிட்டது. யாரோ உள்ளே வந்துவிட்டார்கள். எந்த அறையில் இருக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

எல்லா இடத்தையும் தடவிப் பார்த்தவள் அடிவயிற்றை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே கை போகும்போது அது வேறு கை. அங்கே அவள் பயமில்லாமல் தொட்டாள்.

அடுத்த பொறியும் காலியாக வந்தது. கலாமணி இந்தத் தடவை கூட வரவில்லை, மருதமலைக்குப் போயிருந்தாள். நவநீதனுக்கு வேலை. பிரகதி தனியாகத்தான் போயிருந்தாள். டாக்டர் ஜெபமலர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"ரத்தத்துல செல் இருக்குது பிரகதி. கம்மியா இருக்குது, ஆனா இருக்குது. பொறிக்கு மட்டும் வரல. அப்படின்னா பொறியைத் தாண்டி வேற எங்கயோ போயி நிக்குது. உன்னைத் தலையில இருந்து கால் வரைக்கும் ஸ்கேன் பண்ணப் போறேன்."

ஸ்கேன் என்ற சொல்லைக் கேட்டதும் பிரகதியின் இரண்டு கையும் தானாக வயிற்றுக்குப் போயின. டாக்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை மாசம்?"

"இப்பத்தான் மூணு முடிஞ்சுதுங்க." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "மூணு மாசம் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு வீட்டுல..."

"நான் யாரோவா?" டாக்டர் குரலை உயர்த்தினார். அப்புறம் அவரே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "தப்பு என்மேலயும் இருக்கு. ஏன் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும். சொன்னா பயந்துருவாங்கன்னு யாருக்குமே சொல்றதில்ல."

"இப்பச் சொல்லுங்க டாக்டர்."

"அந்தப் பொறியில ஒண்ணு கசியுதுல்ல, செல்லை இழுக்கறதுக்கு? அதை நாங்க புதுசாக் கண்டுபிடிக்கல. நஞ்சுக்கொடிகிட்ட இருந்து காப்பியடிச்சோம். புதுசா வளர்ற, ரத்தம் நிறைய ஓடற, உடம்பு சண்டை போடாம விட்டுவைக்கிற இடம் அது ஒண்ணுதான். புற்றுநோய்க்கு அதைவிடப் பிடிச்ச இடம் கிடையாது. சாதாரணமா அங்க போகறது ரொம்ப அபூர்வம். ஏன்னா பத்து மாசம்தான் அது இருக்கும். ஆனா உன் உடம்புல இருக்கற செல்லுக்கு நாங்க அந்த ருசியைப் பழக்கிவிட்டுட்டோம். கையில இருக்கறது நகல். இப்ப உள்ள அசலே வந்துருச்சு."

பிரகதிக்குக் காதில் பம்பு ஓடுவதுபோல் ஒரு இரைச்சல் கேட்டது. எங்கெங்கோ தேடினாளே, ஒரே ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேடினாளே! அந்த இடத்தைத்தான் இத்தனை நாளும் தடவித் தடவிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"குழந்தைக்குள்ள போயிருச்சுங்களா?"

"நஞ்சுக்கொடி ஒரு சுவரு மாதிரி. உன் பக்கத்துல வந்து ஒட்டும். அந்தப் பக்கம் போக விடாது. தாண்டிப் போனது உலகத்துலயே விரல்விட்டு எண்ணற அளவுதான்."

"எண்ணற அளவுக்கு இருக்குதுல்லீங்க?"

டாக்டர் ஸ்கேன் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லாத விதமாக ஸ்கேன் எடுத்தார்கள். மூளை சுத்தம். எலும்பு சுத்தம். ஈரல் சுத்தம். விரல், ஈறு, கண் எல்லாம் சுத்தம். கருப்பைக்குள் நஞ்சுக்கொடியில் மட்டும், பூசணி விதை சிதறினாற்போல் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

மறுநாள் மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். கலாமணியிடம் எல்லாவற்றையும் டாக்டர் மெதுவாகச் சொன்னார். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் இரண்டு கையாலும் தன் வாயில் அடித்துக்கொண்டாள்.

"இந்த வாய்தானே டாக்டர் கம்முனு இருன்னு சொல்லுச்சு! ஐயோ சாமி, நானே கொண்டுபோய் நோவ என்ற பேரன்கிட்ட விட்டுப்போட்டேனே!"

பிரகதிதான் அந்தக் கைகளைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்க அத்தை. நானும்தானே இல்லைன்னு சொன்னேன்."

நவநீதன் கேட்டான். "இப்ப என்னங்க பண்ணோணும்?"

"ரெண்டு வழி. பிள்ளைய எடுத்துரலாம். நஞ்சுக்கொடியோட சேந்து அங்க ஒட்டினதும் வெளிய வந்துரும். அப்புறம் பொறி பழையபடி வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். இல்ல, வச்சுக்கலாம். வச்சுக்கிட்டா பிரசவம் வரைக்கும் வேற எங்கயும் போகாது. எல்லாம் அங்கதான் போயி நிக்கும்." டாக்டர் பிரகதி பக்கம் திரும்பினார். "ஒரு வகையில பாத்தா, உன்னை இப்பக் காப்பாத்திட்டு இருக்கறது உன் குழந்தைதான்."

எடுத்துவிட்டால் இந்தப் பயம் முடிந்துவிடும் என்று அந்த அறையில் யாராவது ஒருத்தர் அடித்துச் சொல்லியிருந்தால், பிரகதி எடுத்திருப்பாள். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. யாராலும் சொல்ல முடியவில்லை. எப்படிப் போனாலும் பயம்தான் என்றால் பிள்ளையோடு பயப்படலாம் என்று தோன்றியது. வச்சுக்கறேன் என்றாள்.

பிள்ளை முதன்முதலாக அசைந்த அன்று மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். பிரகதி சமையல்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அது காலை உதைக்கிறது. எதன்மேல் உதைக்கிறது? அந்தச் சுவரின்மேல்தானே? அந்தச் சுவரில்தானே அவை வரிசையாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன? உதைக்காதே கண்ணு, உதைக்காதே, சும்மா படுத்துக்கொள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அன்றைக்கு அசைவு நின்றுபோனதும் அதற்கும் பயந்தாள். அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். கலாமணி வளைகாப்பு வேண்டாம் என்றுவிட்டாள். வளையல்காரன் வாசலில் வந்து நின்றபோது அவளே வெளியே போய் அனுப்பிவிட்டு வந்து, பூஜை அறையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஒவ்வொரு ஸ்கேனிலும் வெள்ளைப் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. பிரகதியின் மற்ற உடம்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது. கன்னம் பூசினாற்போல் ஆகி, முகம் மினுமினுத்தது. பார்த்தவர்களெல்லாம் உனக்கு நோயென்றால் யார் நம்புவார்கள் என்றார்கள். அந்த மினுமினுப்பைக் கண்ணாடியில் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஒருத்தர் பங்கையும் சேர்த்துத் தான் தின்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது.

நாள் வருவதற்குச் சற்று முன்பே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. பிறந்ததும் வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிரகதி, தியேட்டரில் இருந்தவர்கள் யாரும் குழந்தையைப் பார்க்கவில்லை என்பதையும் கவனித்தாள். ஒரு நர்சு மட்டும்தான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாரும் ஒரு எவர்சில்வர் தட்டைச் சுற்றி நின்றார்கள். தட்டில் நஞ்சுக்கொடி கிடந்தது. பின்பு அதை மூடி, ஓடாத குறையாக எங்கேயோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

குழந்தையின் ரத்தம் சுத்தம். ஒருமுறைக்குப் பலமுறை பார்த்தார்கள். சுத்தம். அவளுடைய ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. பொறியில் இதுநாள்வரை விழுந்ததையெல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு நஞ்சுக்கொடியில் விழுந்ததற்கு உறைபோடக் காணாது என்று டாக்டர் ஜெபமலர் சொன்னார்.  கலாமணி அன்றைக்குத்தான் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஆதிரை என்று பெயர் வைத்தார்கள்.

அந்த நாலைந்து மாதம்தான் பிரகதி பயமில்லாமல் தூங்கினாள். பால் கொடுப்பதும், துணி மாற்றுவதும், பிள்ளை கண்ணைச் சுழற்றினால் தானும் கண்ணைச் சுழற்றுவதுமாகப் போயிற்று.

அப்புறம் ஒருநாள் வரச் சொன்னார்கள். பிரசவத்துக்குப் பிறகு கையில் புதுப் பொறி வைத்திருந்தார்கள், அதன் முடிவைச் சொல்ல. நவநீதன், கலாமணி, இடுப்பில் ஆதிரையோடு பிரகதி, எல்லாருமாகப் போனார்கள். டாக்டர் அறையில் வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த பெரிய டாக்டர்கள் என்று அறிமுகம் செய்தார் ஜெபமலர். அதைச் சொல்லும்போது அவர் பிரகதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொறி காலி" என்றார்.

கலாமணி இந்தத் தடவை கும்பிடவில்லை. ஆதிரையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தத்துல மறுபடி வந்திருக்குதுங்களா?" என்று பிரகதி கேட்டாள்.

"வந்திருக்கு. நுரையீரல்ல எங்கயோ ஒரு துளி பாக்கி இருந்திருக்கு. பொறிக்கு வர மாட்டேங்குது. அசலைப் பாத்துட்ட செல்லு நகலைச் சட்டை பண்ணாதுன்னு இப்பத்தான் எங்களுக்கே தெரியுது. எங்க போயி நிக்கும்னு இனிமே என்னால சொல்ல முடியாது."

சென்னைக்காரரில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ரொம்ப மரியாதையான மனிதர். "நீங்க பயப்பட வேண்டாம்மா. வழி இருக்கு. ஒருதரம் நல்லா வேலை செஞ்சிருக்கு. தாய்க்கும் சரி, குழந்தைக்கும் சரி, ஒரு கெடுதலும் வரல. அதையே இன்னொரு தரம் செய்யலாம்னு சொல்றோம்."

முதலில் புரிந்துகொண்டது கலாமணிதான். அவள் முகம் பளிச்சென்று மலர்ந்துவிட்டது. "இன்னொண்ணு பெத்துக்கிட்டா என்ற மருமக பொழச்சுக்குவாளாங்க?"

"அந்தப் பத்து மாசம் நோய் வேற எங்கயும் போகாது. பிரசவத்தோட எல்லாம் வெளிய வந்துரும்."

"அதுக்கப்பறம்?" என்றாள் பிரகதி.

"அப்புறம் மறுபடி வந்தா, அப்பப் பாத்துக்கலாம்."

"மறுபடியும் ஒண்ணுங்களா?"

மூத்தவர் மேசையைப் பார்த்தார். கலாமணி எழுந்து வந்து மருமகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "நீ ஒண்ணுக்கும் யோசிக்காத கண்ணு. பெத்துக்குடு, அது போதும். எத்தனையா இருந்தாலும் நான் வளத்தறேன். நீ உசுரோட இருக்கோணும்." அவள் கண்ணீர் பிரகதியின் வகிட்டில் விழுந்தது. அதில் ஒரு சொட்டுகூடப் பொய்யில்லை. அதனால்தான் பிரகதிக்கு அத்தனை பயமாக இருந்தது.

நவநீதன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

டாக்டர் ஜெபமலர் அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "மத்தவங்க சொல்றது இருக்கட்டும். உனக்கு இன்னொரு குழந்தை வேணுமா பிரகதி?"

சற்று நேரம் கழித்து, மற்றவர்கள் மருந்து வாங்கப் போன இடைவெளியில், பிரகதி வராந்தா பெஞ்சில் ஆதிரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபது வயதுகூட இருக்காது. தோளில் காலேஜ் பை. இடது முன்கையில் கட்டு. எதிர்ப் பெஞ்சில் அவளுடைய அம்மா யாரிடமோ போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பிரகதிங்கறது நீங்கதானே?" அந்தப் பெண் ஆதிரையின் விரலைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தப் பாப்பாவாலதான் உங்களுக்குச் சரியாச்சாமா? இங்க எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசறாங்க."

"உன்ற பேரு என்ன?"

"மிருதுளாக்கா. எனக்கும் நெஞ்சுலதான். பொறியில நிறைய விழுகுது. போன வாரம் வீட்டுல மாப்பிள்ளை பாத்து முடிச்சுட்டாங்க. ஆவணியில கல்யாணம்." அவள் அம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "மாப்பிள்ளை வீட்டுல இதைச் சொல்லலைக்கா. கையில என்னன்னு கேட்டா ஸ்கூட்டில விழுந்துட்டேன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

பிரகதி அந்தக் கட்டைப் பார்த்தாள். ஆதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"படிச்சுட்டு இருக்கறயா?"

"ரெண்டாவது வருசம். நிறுத்திட்டாங்க." மிருதுளா ஆதிரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உள்ள வயித்துல இருக்கும்போது, அதுக்குப் பயமா இருக்குமாக்கா?"

"தெரியல" என்றாள் பிரகதி.  பின்பு, கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "உனக்குக் குழந்தை வேணுமா மிருதுளா?"

அந்தப் பெண் அவளை வியப்பாகப் பார்த்தாள்.

"வேணும்னு சொன்னா உசுரோட இருக்கலாங்கறாங்க. அப்ப வேணும்தானேக்கா?"

சற்று முன்னால் உள்ளே டாக்டரிடம் பிரகதி சொல்லிவிட்டு வந்த பதிலும் அதுதான்.